பேசாத குழு

பொள்ளாச்சி பேருந்து நிலையத்தில் வண்டி பின்னால் நகர ஆரம்பித்ததுமே கோகிலவாணி வாயை மூடிக்கொண்டாள். சும்மா மூடிக்கொள்ளவில்லை, பல்லைக் கடித்து, உதட்டை ஒட்டி, நாக்கை மேலே அழுத்தி, ஒரு வேலையைச் செய்கிற மாதிரி மூடிக்கொண்டாள். இனி கோயமுத்தூர் உக்கடத்தில் இறங்குகிற வரைக்கும் ஒரு வார்த்தை கிடையாது. 'ம்' கூடக் கிடையாது. இறங்கி, பல்கலைக்கழகத்துக்குப் போய், பதினோரு மணிக்கு ஆய்வுக் குழுவின் முன்னால் நின்று, "நானே உக்காந்து பாத்துட்டேன் சார், முடியும்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல முடிந்தால் இரண்டு வருட உழைப்பு பிழைக்கும். முடியாவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பேசிவிட்டுப் பேசவில்லை என்று சொல்லிவிடலாமே, யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று நேற்று ராத்திரி ஒரு நினைப்பு வந்து தலையை நீட்டியது. நீட்டிய வேகத்தில் உள்ளே இழுத்துக்கொண்டது. கோகிலவாணிக்குப் பொய் வராது. வாயைத் திறந்தால்தானே பொய் வருவதற்கு என்பான் அவள் கணவன் தண்டபாணி.

பேசாமல் இருப்பது அவளுக்கு என்ன பெரிய காரியமா? பிறந்ததிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாள். பேர் மட்டும் குயில் குரல். வைத்த அப்பாவே பின்னால் அதை நினைத்துச் சிரித்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்கள் பேரைப் பலகையில் எழுத ஒருத்தியை நிறுத்துவார்களே, ஒவ்வொரு வருடமும் அந்த உத்தியோகம் இவளுக்குத்தான். பெண் பார்க்க வந்த அன்று தண்டபாணியின் பெரியம்மா, "புள்ளைக்குப் பேச்சு வருமுங்களா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள். வரும் என்றாள் அம்மா. நிரூபிப்பதற்கு ஏதாவது சொல்லித் தொலைக்க வேண்டுமே என்று தவித்து, "காப்பி ஆறுது" என்றாள் இவள். அந்த இரண்டு வார்த்தையிலேயே நான் காலி என்று தண்டபாணி இன்னும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். அவன் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறவன். மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான், ஆள் இல்லாவிட்டால் மோட்டாரோடு பேசுவான். காலையில் வண்டியில் கொண்டுவந்து விட்டபோது, "உனக்கு இதெல்லாம் அல்வா சாப்பிடற மாதிரி, போயிட்டு வா" என்றான். அல்வாதான். சந்தேகமே இல்லை. அப்புறம் எதற்கு உள்ளங்கை இப்படி வேர்க்கிறது?

உள்ளங்கை வேர்க்கக் கூடாது. உள்ளங்கையில் பேனாவால் 'உக்கடம்' என்று எழுதி வைத்திருக்கிறாள், கண்டக்டருக்குக் காட்ட. இது ஏமாற்றா என்று ஒரு முறை யோசித்தாள். எழுதுவது பேச்சா? எழுதுவது பேச்சு இல்லை. சைகை? சைகையும் இல்லை. தூங்குவது? இந்த இடத்தில் எப்போதும் மனசு இடறும். ஆராய்ச்சிக்காக அவள் பஸ்ஸில் அனுப்பிய பேசாத குழுவில் கடைசி வரை உண்மையாகவே வாய் திறக்காத ஒரே ஆள், ஏறி உட்கார்ந்ததும் தூங்கிப்போன பாலிடெக்னிக் பையன். தூங்கினவனை மௌனமாக இருந்தவன் என்று சேர்ப்பதா? ஆய்வுக் குழுவில் இருக்கிற பேராசிரியர் திருஞானம் அதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் கஷ்டமே. கெட்ட மனுஷர் சிரித்தால் கோபப்பட்டுவிட்டுப் போகலாம்.

அவள் ஆராய்ச்சியைச் சொல்ல ஒரு வரி போதும். பேருந்தில் பக்கத்தில் இருக்கிற முன்பின் தெரியாதவரோடு பேசினால் மனசு லேசாகுமா, கனக்குமா? உளவியல் துறையில் இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் தனிமை, தனிமை என்றுதான் பேச்சு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ரயிலில் போகிறவர்களைப் பிரித்து, சிலரைப் பக்கத்து ஆளோடு பேசச் சொல்லியும் சிலரை வாயே திறக்காமல் வரச் சொல்லியும் பார்த்திருக்கிறார்கள். பேசப் பயந்தவர்கள்கூடப் பேசின பிறகு சந்தோஷமாக இறங்கிப் போனார்களாம். படித்தபோது கோகிலவாணிக்கு உள்ளே ஒரு பிடிவாதம் எழுந்தது. நம்ம ஊர்ப் பஸ்ஸில் செய்து பாருங்கள், பேசாமல் வந்தவர்கள்தான் நிம்மதியாக இறங்குவார்கள். அதை மட்டும் காட்டிவிட்டால், தன்னைப் போல வாயை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்கிற அத்தனை பேருக்கும் ஒரு கௌரவம் கிடைத்துவிடும், பேச்சு வருமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, வழிகாட்டி ஜோசபின் மேடத்திடம்கூட. ஆராய்ச்சி செய்கிறவளுக்கு ஆசை இருக்கக் கூடாது, இருந்தால் வெளியே தெரியக் கூடாது. பேசுகிற குழுவைப் பேசவைப்பதுதான் பெரும்பாடு என்று நினைத்து, என்ன கேட்பது, எப்படி ஆரம்பிப்பது என்று மாதக்கணக்கில் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். பேசாத குழுவுக்குச் சொல்லிக் கொடுக்க என்ன இருக்கிறது? பேசாதீர்கள், அவ்வளவுதான். அங்கேதான் மண்ணைக் கவ்வினாள்.

ஒருத்தர் பாக்கியில்லாமல் பேசிவிட்டார்கள், அந்தத் தூங்குமூஞ்சியைத் தவிர. கிணத்துக்கடவு வங்கியில் வேலை பார்க்கிற சிவராஜ், "பக்கத்துல ஒரு பெரியவரு, போர்டு படிக்கத் தெரியாது, இது கோயமுத்தூர் போகுமான்னு மூணு தடவை கேட்டாருங்க மேடம். எப்படிச் சொல்லாம இருக்கறது? பாவமில்லீங்களா?" என்றார். எம்.காம் படிக்கிற செல்வநாயகி பேசாமல்தான் வந்தாள். பக்கத்தில் இருந்த அம்மா இவள் புருஷனோடு சண்டை போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள் என்று தானே முடிவு செய்து, ஒத்தக்கால்மண்டபம் வரை புத்தி சொல்லிவிட்டு, மாமியார் நம்பரைக் கொடு, நான் பேசறேன் என்று போனைக் கையில் எடுத்த பிறகுதான், "எனக்குக் கல்யாணமே ஆகலீங்க" என்று கத்தினாளாம். கத்தினதோடு விட்டதா, அந்த அம்மாவுக்கு ஒரு அக்கா மகன் இருந்தான். இன்னொருத்தன் புத்திசாலி, காதில் பாட்டு மாட்டிக்கொண்டான். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு பக்கத்தைக் கழற்றித் தன் காதில் வைத்து, "என்னங் தம்பி பாட்டு இது, நல்லாவே இல்ல?" என்றார். வாதாடாமல் இருக்க முடியுமா? வாதாடினான். பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர் ஒருத்தர் தன் குழந்தையை ஒரு பெண்ணின் மடியில் உட்காரவைத்துவிட்டார். குழந்தை பார்த்துச் சிரித்தால் என்ன செய்வது என்று மேடம் சொல்லவே இல்லையே என்று அவள் இவளிடமே நியாயம் கேட்டாள்.

"இது நடக்காத காரியம்மா" என்றார் திருஞானம், போன கூட்டத்தில். "நம்ம பஸ்ல ஒரு மனுசன் பேசாம வர்றதா? அவனை விட்டாலும் பக்கத்துல இருக்கறவன் விடுவானா? தலைப்பை மாத்திக்கோ." அறை முழுக்கச் சிரிப்பு. கோகிலவாணி நின்றுகொண்டே இருந்தாள். சொல்ல வேண்டியது தொண்டை வரைக்கும் வந்தது. அது எப்போதுமே தொண்டை வரைக்கும் வரும், அங்கிருந்து திரும்பிப் போகும், ராத்திரி படுத்த பிறகு அழகான வாக்கியமாக மறுபடி வரும். ஜோசபின் மேடம்தான் பேசினார். "ஒரு தடவை அவங்களே போய்ப் பாக்கட்டும் சார். ஒருத்தரால முடிஞ்சாலும் போதும், முறையைத் திருத்திக்கிட்டு மறுபடி செய்யலாம். முடியலைன்னா நீங்க சொல்றபடி." திருஞானம் சரி என்று தலையாட்டினார். வெளியே வந்ததும் மேடம் தோளில் கை வைத்து, "உங்களை விட்டா இதுக்கு வேற ஆள் கிடையாதும்மா கோகிலா" என்றார். அது பாராட்டா? இந்த மூன்று வாரமும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டாள். ஒரு பக்கம் பாராட்டாகத்தான் தெரிகிறது, இன்னொரு பக்கம் திருப்பினால் தண்டபாணியின் பெரியம்மா எட்டிப் பார்க்கிறாள்.

ஆச்சிப்பட்டியில் வண்டி நின்றது. ஜன்னலோரம் இவள், பக்கத்து இடம் காலி. கடவுளே, யாராவது தூங்குகிற ஆளாக அனுப்பு. ஏறினது ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. கருநீலச் சேலை, குங்குமம் இல்லாத அகலமான நெற்றியில் திருநீறு மட்டும், கையில் ஒரு துணிப்பை. உட்காருவதற்கு முன்னாலேயே பை இவள் மடியில் வந்துவிட்டது. "சித்த வெச்சுக்குங் கண்ணு" என்று சொல்லி, சேலையைச் சரிசெய்து, உட்கார்ந்து, பையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு. பல் தெரிய, எதையும் மறைக்காத சிரிப்பு. இது தூங்குகிற முகம் இல்லை. கண்டக்டர் வந்தார். இவள் உள்ளங்கையை நீட்டினாள். வேர்வையில் 'கடம்' மட்டும் மிச்சம் இருந்தது. கண்டக்டர் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "எந்தக் கடமுங்க? வாயால சொன்னாத்தானுங் தெரியும்." முன்னால் ரோட்டைக் கை காட்டுவதா, உக்கடத்துப் பெரிய குளத்தை எப்படிச் சைகையில் காட்டுவது என்று அவள் தவிக்கிற தவிப்பைப் பார்த்து அந்த அம்மா, "உக்கடமாத்தானுங் இருக்கும், வண்டி அங்கதானே போகுது? குடுங்க" என்று முடித்துவைத்தாள். இரண்டாவது நிறுத்தத்துக்குள் ஒரு உயிர் காப்பாற்றப்பட்டுவிட்டது. நன்றி என்று சொல்லக்கூட முடியவில்லை. கையைக் கூப்பி, பிறகு ஒரு விரலை உதட்டின் மேல் வைத்துக் காட்டினாள்.

அந்த அம்மாவின் கண் விரிந்தது. "மௌன விரதமுங்களா?" என்றாள் பயபக்தியாக. "மாசாணியம்மனுக்குங்களா?" இல்லை என்று தலையாட்டத்தான் கோகிலவாணி நினைத்தாள். அந்த நேரம் பார்த்து வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. தலை தன் இஷ்டத்துக்கு மேலும் கீழுமாக ஆடியது. "ஆத்தா!" என்று அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வாயைத் திறக்காமலே பொய் சொல்ல முடியும் என்று தண்டபாணிக்குத் தெரியாது. இனி திருத்த வேண்டுமானால் பேச வேண்டும், பேசினால் ஆராய்ச்சி போச்சு. தன்னை நம்பினவரை ஏமாற்றக் கூடாது என்று ஆய்வு நெறிமுறை வகுப்பில் இவள்தான் இளம் மாணவர்களுக்குப் பாடம் எடுத்தாள். இதில் அம்மனை வேறு இழுத்துவிட்டாயிற்று. மாசாணியம்மன் லேசுப்பட்ட தெய்வம் இல்லை, நியாயம் கேட்டு மிளகாய் அரைத்துப் பூசுகிற இடம். ஆனால் அம்மனுக்கும் ஆராய்ச்சி பிடிக்கலாம். ஏன் பிடிக்கக் கூடாது? இதற்குள் அந்த அம்மா எழுந்து நின்று, "ஏனுங்க, இந்தப் புள்ள விரதமிருக்குது, யாரும் பேச்சுக் குடுத்துப்போடாதீங்க!" என்று வண்டிக்கே அறிவித்துவிட்டாள். முன் சீட்டுப் பெரியவர் திரும்பிப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். டிரைவர் பாட்டின் சத்தத்தைக் குறைத்தார், பிறகு என்ன நினைத்தாரோ சாமி பாட்டுக்கு மாற்றினார். கோகிலவாணிக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்தது. இரண்டு வருடமாக யாராலும் செய்ய முடியாத காரியம்! மௌன விரதம் என்று சொன்னால் போதும், ஒரு வண்டியே சேர்ந்து உன் வாயைக் காவல் காக்கிறது. இதை எழுதலாம். தனிக் கட்டுரையாகவே எழுதலாம். திருஞானம் கண்ணாடியைத் துடைக்கட்டும், நன்றாகத் துடைக்கட்டும்.

அந்தச் சந்தோஷம் கோவில்பாளையம் தாண்டுவதற்குள் முடிந்தது. பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்று ஊருக்குச் சொன்ன அந்த அம்மா, அந்தச் சட்டம் தனக்கு இல்லை என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. காதோரம் குனிந்தாள். "விரதக்காரங்ககிட்டச் சொன்னா ஆத்தாகிட்டயே சொன்ன மாதிரி. நீங்க வெளிய சொல்ல மாட்டீங்கல்ல?" எப்படிச் சொல்வேன்? "என்ற பேரு மாராத்தா. ஊட்டுக்காரரு தவறிப் பதினோரு வருசமாச்சு. ஒரே மக, கலைச்செல்வி, சுந்தராபுரத்துல இருக்குது. அவகிட்ட ஒண்ணு சொல்லோணும்னு போறனுங்க." சொல்லிவிட்டு நிறுத்தினாள். வெளியே தென்னந்தோப்புகள் வரிசையாக ஓடின. கோகிலவாணிக்குத் தன் உடம்பு முழுக்கக் காதாகிவிட்டது போல இருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று கேட்க முடியாது. கேட்காமல் இருந்தால் அவள் சொல்லாமலே விட்டுவிடுவாளோ? என்ன இது, நமக்கு ஏன் இவ்வளவு ஆவல், நாம் பேசாத குழு இல்லையா? "நான் மறுக்கா கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கறனுங் கண்ணு" என்றாள் மாராத்தாள். சொன்னதும் அவள் முகம் சிவந்து, பையின் காதைத் திருகினாள். வயசான விரல்கள், வெட்கம் மட்டும் புதுசு.

மனிதர் பேர் பழனியப்பன். செடி விற்கிறவர், மனைவி போய் ஆறு வருடம். அறிமுகம் மாவு மில்லில். கரண்ட் போய்விட்டது, வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள், அந்த மனுஷர் ஒருத்தர்தான் தன் மிளகாய்த் தூள் டப்பாவை மேளம் மாதிரி தட்டிக்கொண்டு, கரண்ட் ஆபீசுக்குத் தான் போன் போட்ட கதையைச் சொன்னார். "நான் சிரிச்சனுங்க. சிரிச்சு எத்தனை வருசமாச்சுன்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. ஊட்டுக்கு வந்து கண்ணாடியில பாத்தா மூக்கெல்லாம் மாவு." மருமகன் தங்கமானவன், ஒன்றும் சொல்ல மாட்டான். மகளை நினைத்தால்தான் பயம். அவள் அப்பா செல்லம். கேட்டுவிட்டு அவள் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டால்? "திட்டினாப் பரவாயில்லீங்க. பேசாம இருந்துட்டான்னா?" கோகிலவாணிக்கு அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. உடுமலையில் தனியாக இருக்கிற அம்மா தினமும் போன் செய்வாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வேற என்ன, ஒண்ணுமில்ல. அந்த 'ஒண்ணுமில்ல'வுக்கு அப்புறம் அம்மா ஒரு மூச்சு நேரம் காத்திருப்பாள். அதை இவள் இத்தனை நாளும் நிம்மதி என்று நினைத்திருந்தாள், இருவருக்கும் பிடித்த அமைதி என்று. அம்மா எதையாவது சொல்ல எடுத்து, இந்தப் பக்கம் கதவு திறக்குமா என்று பார்த்துவிட்டு, திருப்பி எடுத்துக்கொண்டு போகிறாளோ? நமக்கு மௌனம் பிடிக்குமா, பேசப் பயமா? இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கிறது வெளியிலிருந்து. உள்ளே இருந்து பார்த்தாலும் ஒன்று போலத்தான் இருந்தது, இந்தக் காலை வரைக்கும்.

கிணத்துக்கடவில் கூட்டம் ஏறி இறங்கியது. மாராத்தாள் நகரவில்லை. "நீங்க என்ற மகளாட்டம் உக்காருங்க. நான் சொல்லிப் பாக்கறன், எப்படி இருக்குதுன்னு பாருங்க" என்றாள். ஆராய்ச்சியாளர் இப்போது ஆராய்ச்சிப் பொருளானாள். முதல் தடவை மாராத்தாள் அழுதுகொண்டே சொன்னாள்: "கலை, உன்ற அப்பா மேல சத்தியமா நான் எந்தத் தப்பும் பண்ணல..." கோகிலவாணியின் தலை தானாக இடமும் வலமும் ஆடியது. வேண்டாம், தப்பு என்ற வார்த்தையையே எடுக்கக் கூடாது, எடுத்தால் அவள் தப்பாகத்தான் பார்ப்பாள், இதற்குப் படிப்பே வேண்டாம். இரண்டாவது தடவை மாராத்தாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, யாரிடமோ காய்கறி விலை சொல்கிற குரலில் சொன்னாள்: "கலை, எனக்குச் சிரிச்சுக்கிட்டு இருக்கோணும்போல ஆசையா இருக்குது. ஒருத்தரு இருக்கறாரு. நீ ஒருக்கா வந்து பாரு." அவ்வளவுதான். கோகிலவாணிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இதுதான்! இதேதான்! ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம்! ஆனால் மாராத்தாள் அதற்குள் மூன்றாவதுக்குப் போய்விட்டாள், அதில் சொத்து, சொந்தபந்தம், ஊர்ப்பேச்சு என்று ஒறம்பரைக் கூட்டமே வந்து உட்கார்ந்துவிட்டது. நான்காவது அதைவிட நீளம். வேண்டாம் அம்மா, திரும்பிப் போங்க, இரண்டாவதுக்குப் போங்க. கோகிலவாணி இரண்டு விரலைக் காட்டினாள். "ரெண்டு பேத்துக்கும் கல்யாணமான்னு கேக்கறீங்களா? ஆமாங் கண்ணு, ரெண்டு பேத்துக்கும் ரெண்டாவதுதான்" என்றாள் மாராத்தாள். விரலை மடக்கிக்கொண்டாள்.

தொண்டையில் அந்த வாக்கியம் வந்து நின்றது. வழக்கமாக வந்து திரும்பிப் போகிற இடம்தான், இன்று திரும்ப மாட்டேன் என்கிறது. ஒத்தக்கால்மண்டபம் போனது, மலுமிச்சம்பட்டி போனது. வாக்கியம் கீழே இறங்குவதாக இல்லை, தும்மலை அடக்கினது மாதிரி மூக்கெல்லாம் நமநமவென்றது. இன்னும் கொஞ்ச தூரம்தான். இந்தக் கொஞ்ச தூரத்துக்குள் இரண்டு வருடம் இருக்கிறது, ஜோசபின் மேடம் தோளில் வைத்த கை இருக்கிறது. ஈச்சனாரியில் பிள்ளையார் கோவில் வந்ததும் வண்டியே ஒருசேரக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மாராத்தாள் கண்ணை மூடி வேண்டிக்கொண்டு இவள் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங் கண்ணு. சொல்லலாமா, வேண்டாமா? வாயைத் திறக்க வேண்டாம், தலைய ஆட்டினாப் போதும்." கோகிலவாணி கழுத்து சுளுக்குகிற அளவுக்கு ஆமாம் ஆமாம் என்று ஆட்டினாள். மாராத்தாள் உற்றுப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். "நீங்க ஆட்டறீங்களா, வண்டி ஆட்டுதான்னே தெரியலீங்களே. ஆச்சிப்பட்டியில இருந்து எல்லாத்துக்கும் ஆட்டிக்கிட்டுத்தான் வாறீங்க." அதுவும் உண்மைதான். செல்லாத காசாகிவிட்டது அந்தத் தலையாட்டல்.

சுந்தராபுரத்தில் மாராத்தாள் இறங்கினாள். இறங்கும்போது இவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வண்டி நின்றுகொண்டிருந்தது, யாரோ மூட்டை ஏற்றினார்கள். ஜன்னலுக்கு நேர் கீழே ரோட்டோரம் நின்று அவள் முன்னால் இருந்த தெருவைப் பார்த்தாள். எதிர்ப்பக்கம் பார்த்தாள். அங்கே பொள்ளாச்சி போகிற வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேலே நிமிர்ந்து, "வேண்டாங் கண்ணு" என்றாள் சின்னக் குரலில். "இந்த வயசுல எதுக்கு இந்த ஆசையெல்லாம்? நான் அந்த வண்டியிலயே திரும்பிக்கறன். அவருகிட்ட ஆகாதுன்னு சொல்லிப்போடறன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பில் பல் தெரியவில்லை. ரோட்டைக் கடக்க ஒரு அடி எடுத்து வைத்தாள். கோகிலவாணிக்குப் பதினோரு மணி ஞாபகம் வந்தது. வந்தது, போயிற்று. ஜன்னல் கம்பிக்கு வெளியே முகத்தைத் தள்ளி, தனக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று அவளுக்கே இதுவரை தெரியாத குரலில், "அம்மா! போகாதீங்க! போய்ச் சொல்லுங்க! ரெண்டாவது சொன்னீங்களே, அதையே சொல்லுங்க! அதுல ஒரு வார்த்தையும் மாத்தாதீங்க!" என்று கத்தினாள். ரோட்டில் போன ஸ்கூட்டர்காரர் ஒருத்தர் பிரேக் போட்டுவிட்டார். மாராத்தாள் அப்படியே நின்றாள். வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ கண்ணு, விரதம் போச்சே!" "போனாப் போகுதுங்கம்மா! நீங்க போங்க, கலைகிட்டச் சொல்லுங்க!" வண்டி நகர்ந்தது. பின்னால் தலையை நீட்டிப் பார்த்தாள். கருநீலச் சேலை ரோட்டைக் கடக்கவில்லை. பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, தெருவுக்குள் திரும்பி, விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தது.

கோகிலவாணி சீட்டில் சாய்ந்தாள். சிரிப்பு சிரிப்பாக வந்தது. முடிந்தது. முடியல சார் என்று போய்ச் சொல்ல வேண்டியதுதான். சொல்லும்போது அழுகை வருமோ என்று தேடிப் பார்த்தாள், இல்லை. சிவராஜை நினைத்தாள், செல்வநாயகியை, அந்தக் குழந்தையைப் பார்த்துச் சிரித்தவளை. தோற்றுப்போனவர்கள் என்றுதானே அவர்களை எழுதி வைத்திருந்தாள். எத்தனை வார்த்தை பேசினீர்கள் என்று கேட்டாளே தவிர, எதற்காக வாயைத் திறந்தீர்கள் என்று ஒருத்தரையும் உட்காரவைத்துக் கேட்கவில்லை. கேட்க வேண்டும். தலைப்பே அதுவாக இருக்கட்டும். திருஞானம் மாற்றத்தானே சொன்னார்? அவர் சிரிப்பார், சிரிக்கட்டும், இந்தத் தடவை கூடச் சேர்ந்து சிரிக்கலாம், நின்றுகொண்டே பதிலும் சொல்லலாம். தொண்டை காலியாக, சுத்தமாக, காற்று வந்து போகிற மாதிரி இருந்தது. யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக யாரிடமாவது, எதையாவது, உடனே.

வண்டியே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. முன் சீட்டுப் பெரியவர் முழங்காலைச் சீட்டில் ஊன்றிப் பின்னால் திரும்பியே உட்கார்ந்துவிட்டார். "விரதத்தையே விட்டுப்போட்டீங்களே அம்மிணி, அப்படி என்னங் தலை போற விசயம்?" கண்டக்டர் கம்பியில் சாய்ந்துகொண்டு, "ரெண்டாவது சொன்னதுன்னா என்னங்க? அந்தம்மா என்னதான் சொன்னாங்க?" என்றார். பின்னாலிருந்து ஒரு நர்ஸ் பொண்ணு, "அக்கா, கலை யாருங்க்கா?" என்றாள். டிரைவர் சாமி பாட்டை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் காத்திருந்தார். கோகிலவாணி வாயைத் திறந்தாள். மாவு மில், மிளகாய்த் தூள் டப்பா, மூக்கில் மாவு, எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது, எவ்வளவு அழகாகச் சொல்லலாம்! நீங்க வெளிய சொல்ல மாட்டீங்கல்ல, என்று கேட்டிருந்தாள் மாராத்தாள். கோகிலவாணி வாயை மூடிக்கொண்டாள். குறிச்சியில் கேட்டார்கள். ஆத்துப்பாலத்தில் புதிதாக ஏறினவர்களுக்கும் விஷயத்தைச் சொல்லி, அவர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்டார்கள். கெஞ்சியும் கேட்டார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தாள், உக்கடம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.